மகன் பெயரில் ஒரு கவுன்சிலிங்

போன வாரம் ஷைனி வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். நாகர்கோவிலில் நான் உளவியலாளராக வேலை பார்த்த தனியார் கிளினிக்கை இப்போது நடத்துகிறவள் அவள்தான். "மேடம், மொதல் தடவ வாறவங்க என்ன எதிர்பார்த்து வரணும்னு ஒரு பக்கம் எழுதித் தாங்க. வெப்சைட்டுல போடணும். சிம்பிளா, பாசிட்டிவா இருக்கட்டும்."

சிம்பிளாக, பாசிட்டிவாக. ஓய்வு பெற்றவளுக்கு வேறு சோலி இல்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. சரி என்று உட்கார்ந்தேன். எழுத எழுத எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் எதை எதிர்பார்த்து வருகிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒன்று மாத்திரை, இல்லையென்றால் புத்திமதி, அதுவும் இல்லையென்றால் பி.இ. சீட். மூன்றும் எங்களிடம் கிடையாது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. "வட்டு டாக்டராட்டு ஆவப்போறியா?" என்று அப்பா கேட்டார். எங்கள் பக்கம் வட்டு என்றால் பைத்தியம். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்ப் படித்தேன். வெளிமாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி எடுத்தேன். கல்யாணம் ஆகி இரணியல் பக்கம் திரும்பி வந்தபோது, மாவட்டத்தில் இந்த வேலையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் அவரைப் பெரிய சார் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பெரிய சார் அதிகம் பேசமாட்டார். பேசினால் எனக்கு எரிச்சல் வரும். யாரைப் பற்றியாவது நான் அவரிடம் சொல்லத் தொடங்குவேன். "இந்தப் பொண்ணுக்கு அப்பா மேல கோபம் சார்" என்பேன். உடனே, "அவ சொன்னாளா, நீ சொல்லுகியா?" என்பார். "அவள் பேச்சிலேயே தெரிகிறது சார்." "அப்போ நீதான் சொல்லுக." அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இத்தனை வருஷப் படிப்பும் வாசிப்பும் அந்தத் துடைப்பில் போய்விடும். அறைக்குள் யாராவது அழுதால் நான் தண்ணீரை நீட்டுவேன். "தண்ணி அவங்க கேட்டாங்களா?" என்பார். ஒருமுறை, மழையில் நனைந்து வந்த ஒருவருக்குத் துண்டு கொடுத்துவிட்டு, இதற்கும் கேட்பாரோ என்று பயந்தேன். அதற்குக் கேட்கவில்லை.

சரி, ஷைனி கேட்டதுக்கு வருகிறேன். முதல் தடவை என்ன நடக்கும்?

முதலில் போன் வரும். போன் பண்ணுகிறவர் தனக்காகப் பண்ணமாட்டார். "எனக்கில்ல மேடம், எனக்க கூட்டுகாரிக்காக்கும் ஒறக்கம் இல்லாதது." சரி, அந்தத் தோழிக்கு நேரம் குறித்துக் கொடுப்போம். கூட்டுகாரி அதே குரலோடு வந்து நிற்பாள். வரும்போது தனியாகவும் வரமாட்டாள். ஒருவருக்கு உறக்கம் இல்லை என்றால், நன்றாக உறங்குகிற நாலு பேர் கூட வருவார்கள். மட்டிப்பழம் ஒரு சீப்பும் வரும். பழத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவர்களுக்குக் கோபம் வரும், வாங்கினால் பெரிய சாருக்கு. பையனிடம் "எத்தனை மணிக்கு உறங்குவீங்க?" என்று கேட்டால் அப்பா பதில் சொல்வார்: "அவன் எங்க ஒறங்குகான், எப்பம் பாத்தாலும் போனுதான்." அப்பாவை வெளியே உட்காரச் சொன்னால், கதவுக்கு வெளியே நின்றும் பதில் சொல்வார்.

அறைக்குள் ஒருவர் மட்டும்தான். கட்டில் கிடையாது, பெண்டுலம் கிடையாது, கண்ணை உற்றுப் பார்த்து மனதில் உள்ளதைச் சொல்லிவிடும் வித்தையும் கிடையாது. இரண்டு நாற்காலி. தூக்கம், சாப்பாடு, பழைய வியாதி, இப்போது சாப்பிடும் மருந்து, வீட்டில் யார் யார், குடி உண்டா, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா, எல்லாம் கேட்பேன். கடைசிக் கேள்விக்குத்தான் பலருக்கும் கோபம் வரும். வரட்டும். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்காமல் விட்டால்தான் ஆபத்து. பிறகு ரகசியம். பேசியது வெளியே போகாது. யார் உயிருக்காவது ஆபத்து என்றாலோ, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்றாலோ மட்டும்தான் அது மாறும். யாராவது வந்து விசாரித்தால், நீங்கள் இங்கே வருகிறீர்கள் என்பதைக்கூடச் சொல்லமாட்டோம். இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "மருந்து எழுதலியா?" என்பார்கள். எழுத எனக்கு உரிமை இல்லை, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன் என்பேன். "அப்போ சும்மா பேசதுக்கா பைசா?" ஆமாம், அதுக்குத்தான். "என்ன செய்யணும்னாவது சொல்லுங்க." சொல்லமாட்டேன். புத்திமதி வேண்டுமென்றால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் போதும், பஸ் வருவதற்குள் நாலு பேர் தந்துவிடுவார்கள். அதெல்லாம் கேட்டுத் தீராமல்தானே இங்கே வந்தீர்கள்? எத்தனை தடவையில் சரியாகும் என்று கேட்பார்கள். முதல் நாளே அதற்குக் கணக்குச் சொல்கிறவரிடம் போகாதீர்கள். முதல் தடவை பேசிவிட்டுப் போன அன்றைக்குப் பாரம் குறையாது, கூடினாலும் கூடும். என்னைப் பிடிக்கவில்லையென்றால் வேறொருவரிடம் போகலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் ஷைனி வெப்சைட்டில் போடமாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஊர் சின்னது. நாகர்கோவிலில் முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தால், எழுந்திருக்கும்போது சொந்தக்காரர்களாகத்தான் எழுந்திருப்பார்கள். அதனால் பெரிய சார் தேடிப் பிடித்து ஒரு வாடகை வீடு எடுத்திருந்தார். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில். வருகிறவர்கள் முன்னால் வருவார்கள், போகிறவர்கள் பின்னால் போவார்கள். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவு யோசித்த மனிதர் பெயர்ப்பலகையில்தான் கோட்டைவிட்டார். மனநலம் என்று போட்டால் ஒருவரும் படியேறமாட்டார்கள் என்று "கவுன்சிலிங் சென்டர்" என்று மட்டும் எழுதி மாட்டியிருந்தார். பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்த பிறகு, தெருவுக்கு நாலு பிரவுசிங் கடையில் "கவுன்சிலிங்" போர்டு முளைத்தது. அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், மார்க்‌ஷீட்டும் சாதிச் சான்றிதழும் அடுக்கிய ஃபைலோடு கூட்டம் எங்கள் படியேறும். "போர்டை மாத்துங்க சார்" என்று ஒவ்வொரு வருஷமும் கெஞ்சுவேன். "வரட்டும். படி எங்க இருக்குன்னாவது தெரிஞ்சுக்கிடுவாங்க" என்பார். விளக்கம் சொல்லித் தொண்டை வறள்வது அவருக்கா, எனக்கா?

அப்படி ஒரு நாளில் வந்தவர்தான் சுசீலா. பெயரை மாற்றியிருக்கிறேன். பூதப்பாண்டி என்று ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன், பூதப்பாண்டிக்காரர்கள் தேட வேண்டாம். எழுதிக்கொள்ளச் சொல்லி அவரே சம்மதம் தந்திருக்கிறார். மகனையும் ஃபைலையும் கூட்டிக்கொண்டு வந்தவர், உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "மேடம், இவனுக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் கிட்டுமா?"

அன்றைக்கு எத்தனையாவது ஆளோ. "இது அந்தக் கவுன்சிலிங் இல்லம்மா" என்றேன்.

பையனுக்குப் புரிந்துவிட்டது, சிரித்தான். "அம்மா, இது வட்டுக் கேசுக்குள்ள எடமாக்கும். வா, போவோம்."

எனக்கு வந்ததே கோபம். "வட்டும் இல்ல கிட்டும் இல்ல. நெஞ்சு படபடங்குது, மூச்சு முட்டுதுன்னு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கி, ஈசிஜி எடுத்து, எல்லாம் நார்மல்னு சொல்லியும் தீராதவங்க வந்து பேசுத எடம். மருந்து கிடையாது. பேசுனது வெளிய போகாது. போதுமா?" என்று பொரிந்து தள்ளினேன்.

பையன் படியிறங்கிவிட்டான். அம்மா நின்றார். "ஈசிஜி நார்மலா இருந்தாலும் அப்படி வருமா?" என்று கேட்டார்.

"வரும்."

"எக்கோ?"

"எக்கோவும் நார்மலாத்தான் இருக்கும்."

ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் போன் பண்ணி நேரம் வாங்கிக்கொண்டு, தனியாக வந்தார். கையில் அதே ஃபைல். கூட்டுகாரிக்கு என்று சொல்லாமல் தனக்கு என்று சொன்ன வெகு சிலரில் அவர் ஒருவர்.

"நெஞ்சுல ஆரோ ஏறி இருக்கது மாதிரி வரும் மேடம். கையும் காலும் வெறச்சுப் போவும். மூச்சு எங்கயோ போயிரும். இப்பம் செத்துருவேன்னு இருக்கும். ஒரு வெப்ராளம்." புத்தகத்தில் இதற்குப் பதற்றத் தாக்கு என்று பெயர். வெப்ராளம் என்ற எங்கள் ஊர்ச் சொல்லில் இருக்கிற தவிப்பு அதில் இல்லை. அவரைப் பார்த்த எல்லோரும் கேஸ் டிரபிள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் துக்கமும் பயமும் கேஸ்தான். மாமியார் சுக்கு வெள்ளம் போட்டுக் கொடுத்திருக்கிறார். கொழுந்தன் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒருவரும் குறை வைக்கவில்லை.

கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுசீலாவின் சித்தி ஒருத்திக்கு இளம்வயதில் வட்டு என்று பெயர் விழுந்து, கடைசிவரை கல்யாணமே நடக்கவில்லை. "அந்தப் பேரு எனக்கு விழுந்தா, எனக்க மோளுக்கு ஒரு வரனும் படியேறாது மேடம்" என்றார். அதனால்தான் வீட்டில் மகனுக்குக் கவுன்சிலிங் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தச் சொல்லில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? முதல் ரவுண்டு என்று ஒரு வாரம் வந்தார். இரண்டாம் ரவுண்டு என்று சில வாரம். மகனுக்காக மருமகள் இந்த வெயிலில் அலைகிறாளே என்று மாமியார் திருநீறு பூசி அனுப்பினாராம். கலந்தாய்வு முழுக்கப் போனிலேயே நடக்கிறது என்பது அந்த வீட்டில் மகனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. வட்டுக் கேஸ் என்று சிரித்த அதே பயல்தான்.

மூச்சை மெதுவாக வெளியே விடப் பழகினோம். இது வந்தால் சாகமாட்டோம் என்பதைத் திரும்பத் திரும்பப் பேசினோம். பயந்து போகாமல் விட்டிருந்த சந்தைக்கும் கோயிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வந்தார். வெப்ராளம் குறைந்தது, போகவில்லை. எனக்கு என்னவோ காரணம் புரிந்துவிட்டதாகத் தோன்றியது. பெரிய சாரிடம் போய், "புருஷனைப் பிரிந்திருக்கிற தவிப்பு சார். ஒவ்வொரு லீவு சமயத்திலும்தான் கூடுது" என்றேன்.

"அவ சொன்னாளா?"

"கல்ஃப்காரர் பொண்டாட்டி சார். இதுகூடத் தெரியாதா?"

"அப்போ அவ எதுக்கு வாறா? நீயே ரெண்டு நாற்காலியிலயும் மாறி மாறி இருந்துக்கோ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தோடு போய் அடுத்த வாரம் சுசீலாவிடம் நேராகவே கேட்டேன். இது எப்போது கூடுகிறது?

"டிக்கெட் போட்டாச்சுன்னு போன் வாற அன்னைக்கு."

"திரும்பிப் போற டிக்கெட்டா?"

"இல்ல மேடம்." மடியிலிருந்த ஃபைலின் முனையை மடக்கினார். "வாற டிக்கெட்டு."

கணவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. மாதாமாதம் பணம் தவறாது. வந்திறங்கியதும் அலமாரியைத் திறப்பார். இது எதற்கு, அது என்ன விலை, யாரிடம் கேட்டு வாங்கினாய். இரண்டு வருஷம் வயல், வீடு, மாமனாரின் சாவு, அதன் சடங்கு எல்லாவற்றையும் தனியாக நடத்திய சுசீலா, அன்றிலிருந்து ஒரு தேங்காய் உடைக்கவும் அவர் முகம் பார்த்து நிற்க வேண்டும். "அவிய நல்லவியதான் மேடம். அதனாலதான் ஆருட்டயும் சொல்ல முடியல" என்றார். கெட்டவராக இருந்திருந்தால் ஊரே நியாயம் பேசியிருக்கும்.

மூன்றாம் ரவுண்டும் துணைக் கலந்தாய்வும் முடிந்தன. மகன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். கணவரும் லீவில் வந்துவிட்டார். சொல்லிக்கொள்ள ரவுண்டு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் சுசீலா வந்தார், ஃபைல் இல்லாமல். வீட்டில் சொல்லுவதைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும், "பாக்கலாம் மேடம்" என்பார்.

அவருக்கு முன்னால் கணவர் முந்திக்கொண்டார். அன்றைக்குப் பேசி முடித்து, அவரைப் பின்வாசலுக்குக் கூட்டிப் போகக் கதவைத் திறந்தேன். முன்னறையில் ஒரு ஆண்குரல் சத்தமாகக் கேட்டது. சுசீலாவின் முகம் வெளுத்துவிட்டது. அவரை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

"எனக்க வீட்டுக்காரி உள்ள இருக்காளா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"இங்க யார் வாறாங்க, வரலைன்னு நாங்க சொல்லது இல்ல."

"நான் அவளுக்க மாப்பிள்ளையாக்கும். இந்தப் படியில அவ ஏறுனத பாத்த ஆளு இருக்கு. பயலுக்கு காலேஜ் தொறந்தாச்சு. இன்னும் கவுன்சிலிங்னு சொல்லிட்டு எவன் கூட இருக்கா உள்ள?"

வாயைத் திறந்தால் விதி போச்சு. திறக்காவிட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையே போச்சு, அவர் நினைப்பதுதான் உண்மை என்று ஆகிவிடும். பெரிய சாரின் அறைக்கு ஓடினேன். "ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் சார், அந்த ஆளு அடங்கிருவாரு. சொல்லட்டுமா?"

"ஆருக்க வார்த்த அது?" என்றார்.

அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அவர் எழுந்தார். "வெளிய ஆரு நிக்கான்னு அவகிட்ட போய்ச் சொல்லு. பின்வாசல் தொறந்துதான் கெடக்குன்னும் சொல்லு" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய், அந்த மனிதருக்கு எதிரே ஒரு நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

நான் போனபோது சுசீலாவின் விரல்கள் விறைத்திருந்தன. பாதத்தைத் தரையில் ஊன்றச் சொன்னேன். இருவரும் சேர்ந்து மூச்சை மெதுவாக வெளியே விட்டோம். திரும்பவும் விட்டோம். பிறகு பெரிய சார் சொன்ன இரண்டையும் சொன்னேன்.

"பொறத்த வாசல் வழியா போனா?"

"பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம்."

"அங்க வந்து கேப்பாவ."

"கேட்பாங்க."

"நீங்க சொல்லுங்க மேடம். கேஸ் டிரபிளுக்கு வந்தேன்னு சொல்லுங்க."

"நீங்க சொல்லச் சொன்னா உள்ளதைச் சொல்லுவேன். கேஸ்னு சொல்லமாட்டேன்" என்றேன். அந்த நேரத்தில் என்னைப் பார்த்தால் அவருக்கும் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். முந்தானையைச் சரிசெய்தபடி எழுந்தார். முன்பக்கம் நடந்தார்.

அவரைப் பார்த்ததும் கணவர் எழுந்துவிட்டார். "இங்க உனக்கு என்னட்டி வேல? பயலுக்குத்தான் சீட் கிட்டியாச்சே, இன்னும் என்ன கவுன்சிலிங்?"

"பயலுக்கில்ல. எனக்காக்கும்."

"ஒனக்கா? ஒனக்கு எந்த காலேஜிக்கு?" கேட்டுவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தினார். "ஒனக்கென்ன வட்டா?"

நான் வாயைத் திறந்தேன். பெரிய சார் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"வட்டு இல்ல. வெப்ராளம்" என்றார் சுசீலா. "கேஸும் இல்ல. பயலுக்குன்னு நான் பொய் சொன்னேன்."

அந்த மனிதரின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. முகம் அப்படியே விழுந்துவிட்டது. நான் போட்ட அதே கணக்கைத்தான் அவரும் போட்டார். "நான் கூட இல்லாததுனாலயா? இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்க பிள்ளே. எல்லாம் முடிச்சிட்டு ஒரேயடியா வந்துருவேம்லா."

சுசீலா சுவரைப் பிடித்துக்கொண்டார். மூச்சை மெதுவாக வெளியே விட்டார். "நீங்க போவும்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "வரும்பதான்."

அந்த மனிதர் மனைவியைப் பார்த்தார், பெரிய சாரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அப்போ நான் எங்கட்டி போவ?" என்று கேட்டார்.

"இரிங்க" என்றார் சுசீலா. "சொல்லுகேன்."

பெரிய சார் எழுந்து தன் அறைக் கதவைத் திறந்துவிட்டார். இருவரும் உள்ளே போனார்கள். அடுத்த நேரத்துக்கு வந்தவர் வாசலில் நின்று, "நேரமும் தந்துட்டு வெளிய நிறுத்துகியளா?" என்று என்னைப் பிடித்துச் சத்தம் போட்டார். போடட்டும்.